முகம் பார்க்கும் பருவம்

பிள்ளை பெற்ற வீட்டுக்கு வருகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “முகம் பாக்க ஆரம்பிச்சுட்டானா?” பாட்டி கையை விரிப்பாள். “அதுக்குள்ளயா? ரெண்டு மாசம் ஆவணுமே!” தாய் இதை ஒப்புக்கொள்ள மாட்டாள். ஆஸ்பத்திரியில் இருந்தபோதே, மூன்றாம் நாளே, பிள்ளை தன் முகத்தை உற்றுப் பார்த்தான் என்பாள். தன்னையும் வந்திருந்த அத்தையையும் அவனுக்குப் பிரித்துத் தெரிந்தது என்று சத்தியம் செய்வாள்.

பாட்டிக்குப் பல பிள்ளைகளை வளர்த்த அனுபவம். தாய்க்கு அந்த ஒரு பிள்ளையை இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருக்கும் அனுபவம். யார் சொல்வது சரி? குழந்தையையே கேட்டுவிடலாம் என்றால் அதற்குப் பேசத் தெரியாது. கைகூடச் சொன்னபடி கேட்காது. ஆனாலும் கடந்த அறுபது ஆண்டுகளில் அறிவியலாளர்கள் குழந்தைகளிடமே கேட்டுப் பதில் வாங்கியிருக்கிறார்கள். அந்தப் பதில்களைக் கேட்பதற்கு முன், அந்தக் கண்ணுக்கு என்னதான் தெரிகிறது என்று பார்த்துவிடுவோம்.

முப்பது சென்டிமீட்டர் உலகம்

பெரியவர்களின் கண்விழி முன்னிருந்து பின்னாக ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் நீளம். பிறந்த குழந்தைக்குச் சுமார் 17 மில்லிமீட்டர். அளவைவிட முக்கியமான வேறுபாடு விழித்திரையின் நடுவில் இருக்கிறது. அங்கே உள்ள ஒரு சிறு பள்ளத்தை மையக்குழி என்று அழைப்போம். எழுத்துகளைப் படிப்பதும் ஊசியில் நூல் கோப்பதும் இந்த இடத்தைக் கொண்டுதான். வளர்ந்தவர்களிடம் இங்கே ஒளியை உணரும் கூம்பு செல்கள் மெலிந்து, நீண்டு, நெருக்கியடித்து நிற்கின்றன. பிறந்த குழந்தையிடம் அவை குட்டையாகவும் தடித்தும், இடம் விட்டுவிட்டும் இருக்கின்றன. அவை முழுதாக முதிர்ச்சியடையப் பல ஆண்டுகள் ஆகும்.

இதனால் எவ்வளவு இழப்பு? கையை முழுதாக நீட்டிச் சுண்டு விரலை நிமிர்த்துங்கள். அந்த விரலின் அகலம் உங்கள் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரு பாகை. அந்த அகலத்துக்குள் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகளைப் போட்டுக்கொண்டே போனால், சுமார் 30 ஜோடிக் கோடுகள் வரை பெரியவர்களால் பிரித்தறிய முடியும். அதற்கு மேல் எல்லாம் கலந்து சாம்பல் நிறமாகிவிடும். பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய ஒரே ஒரு ஜோடிதான் தெரியும். அதாவது அதன் பார்வைக் கூர்மை நம்முடையதில் முப்பதில் ஒரு பங்கு.

கேட்க மோசமாகத்தான் இருக்கிறது. ஆனால் தூரத்தையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். பால் கொடுக்கும்போது தாயின் முகத்துக்கும் குழந்தையின் முகத்துக்கும் இடையே சுமார் 30 சென்டிமீட்டர். முப்பது மடங்கு கூர்மை குறைந்த கண்ணுக்கு 30 சென்டிமீட்டரில் தெரியும் நுணுக்கம், நமக்கு ஒன்பது மீட்டர் தள்ளித் தெரியும் நுணுக்கத்துக்குச் சமம். தெருவின் எதிர்ப்பக்கத்தில் நிற்கும் ஒருவரின் முகம் நமக்குத் தெரியத்தானே செய்கிறது?

இங்கே ஒரு கழிவும் உண்டு. வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடையிலான மெல்லிய வேறுபாடுகள் குழந்தைக்குப் பிடிபடுவதில்லை. கன்னத்தின் வளைவும் மூக்கின் நிழலும் கரைந்துபோகும். நெற்றியில் முடி தொடங்கும் கோடு, கண்கள், திறந்த வாய் என்று அழுத்தமாக வேறுபடுபவை மட்டும் தங்கும். 2014இல் நார்வே, ஸ்வீடன் ஆய்வாளர்கள், அசையும் முகங்களைக் குழந்தைக்குத் தெரியும் அளவுக்கு மங்கலாக்கிப் பெரியவர்களிடம் காட்டினார்கள். 30 சென்டிமீட்டருக்குரிய மங்கலில் அந்த முகம் மகிழ்கிறதா, வியக்கிறதா என்று ஓரளவு சொல்ல முடிந்தது. 60 சென்டிமீட்டருக்குரிய மங்கலில் முடியவில்லை. சுவர்க் கடிகாரமும் சன்னலும் எட்டாத அந்தக் கண்ணுக்கு, ஏந்தியிருப்பவரின் முகம் மட்டும் எட்டுகிறது.

பேசத் தெரியாதவரிடம் கேட்பது எப்படி?

முகம் கண்ணில் விழுகிறது என்பது ஒன்று. அதைக் குழந்தை மற்ற பொருள்களிலிருந்து பிரித்து எடுக்கிறதா என்பது வேறு. இதைக் கேட்கும் வழியைக் கண்டவர் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ஃபான்ஸ். குழந்தையால் செய்ய முடிந்த மிகச் சில காரியங்களில் ஒன்று, கண்ணை ஒரு பக்கம் திருப்பி அங்கேயே நிறுத்தி வைப்பது. ஒன்றைவிட மற்றொன்றை அது அதிக நேரம் பார்த்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அதற்குத் தெரிகிறது என்றுதானே பொருள்?

ஃபான்ஸ் ஒரு சிறிய கூடாரம் போன்ற பெட்டி செய்து, குழந்தையை அதில் மல்லாக்கப் படுக்கவைத்தார். மேலே படங்களை வைத்துவிட்டு, ஒரு துளை வழியாகக் குழந்தையின் கண்ணைக் கவனித்தார். எந்தப் படத்தின் பிரதிபலிப்பு கண்மணியின் மேல் விழுகிறதோ, குழந்தை பார்ப்பது அதைத்தான். கடிகாரத்தை ஓட்டி நேரத்தைக் குறித்துக்கொண்டால் போதும். 1963இல் அவர் வெளியிட்ட முடிவுகளில், பிறந்து ஐந்து நாளுக்குட்பட்ட குழந்தைகள்கூட வெறும் வண்ண வட்டங்களைவிட முகம் வரைந்த வட்டத்தை அதிக நேரம் பார்த்தன.

எதிர்க்கேள்வி உடனே எழுந்தது. முகப் படத்தில் கோடுகள் அதிகம். வெறும் வட்டத்தில் ஒன்றுமில்லை. குழந்தைக்குப் பிடித்தது முகமா, கோடுகளின் கூட்டமா? அதோடு, சில நாள் வயதான குழந்தை ஏற்கெனவே நூறு தடவையாவது மனித முகங்களைப் பார்த்திருக்கும். பிறக்கும்போதே இருந்த நாட்டமா, பிறந்த பின் பழகியதா என்று எப்படிப் பிரிப்பது?

ஒன்பதாவது நிமிடம்

இந்த இரண்டு கேள்விகளையும் ஒரே சோதனையில் கையாண்டவர்கள் அமெரிக்காவில் கேரொலின் கோரனும் அவருடைய சகாக்களும். ஆண்டு 1975. குழந்தைகள் நாற்பது பேர். சோதனை நடந்தபோது அவர்களின் இடைநிலை வயது 9 நிமிடம்.

அவர்கள் தலை வடிவத்தில் தட்டையான மட்டைகள் செய்தார்கள். ஒன்றில் கண், புருவம், மூக்கு, வாய் எல்லாம் உரிய இடத்தில். இன்னொன்றில் அதே உறுப்புகள் சற்றே இடம் மாறி. மூன்றாவதில் முற்றிலும் கலைந்து. நான்காவது வெறுமை. முகமுள்ள மட்டைக்கும் கலைந்த மட்டைக்கும் கோடுகளின் எண்ணிக்கையில் வேறுபாடு கிடையாது. அடுக்கில் மட்டுமே வேறுபாடு. முதல் கேள்விக்கு இது விடை. இரண்டாவது கேள்விக்காக, பிரசவ அறையில் இருந்தவர்கள் முகக்கவசமும் தொப்பியும் அணிந்திருந்தார்கள். சோதனைக்கு முன் குழந்தை முழுமையான முகம் எதையும் பார்த்திருக்கக் கூடாது என்பது ஏற்பாடு.

குழந்தையை மடியில் மல்லாக்கக் கிடத்தி, மட்டையை அதன் முகத்துக்கு நேர் மேலே பிடித்து, மெதுவாக ஒரு பக்கமாக வில் போல் நகர்த்தினார்கள். குழந்தை அதைப் பின்தொடர்ந்து தலையையும் கண்களையும் எத்தனை பாகை திருப்புகிறது என்று ஒரு பெரிய கோணமானியால் அளந்தார்கள். உறுப்புகள் சரியான இடத்தில் இருந்த மட்டையைத்தான் குழந்தைகள் மற்ற எதையும்விட அதிக தூரம் பின்தொடர்ந்தன.

பலரால் இதை நம்ப முடியவில்லை. மட்டையைப் பிடித்தவரின் கை அறியாமலே குழந்தைக்கு உதவியிருக்கலாம் என்றார்கள். ஐயத்தைத் தீர்க்க, லண்டனில் மார்க் ஜான்சனும் ஜான் மார்ட்டனும் அவர்களுடைய குழுவினரும் சோதனையை மறுபடி நடத்தினார்கள். குழந்தைகள் பிறந்து ஒரு மணி நேரத்துக்குள். எல்லாம் வீடியோவில் பதிவாயின; எந்த மட்டை காட்டப்படுகிறது என்று அறியாதவர்கள் கோணங்களை அளந்தார்கள். 1991இல் வெளியான முடிவும் அதே திசையைக் காட்டியது: முகத்தைக் கண்கள் அதிக தூரம் பின்தொடர்ந்தன.

மூன்று கரும்புள்ளிகள்

முகத்தில் எது இழுக்கிறது? புருவத்தை எடுத்துவிட்டால்? மூக்கை எடுத்துவிட்டால்? ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனார்கள். கடைசியில் மிஞ்சியது மிகக் கொஞ்சம்: வெளிறிய நீள்வட்டம், மேலே இரண்டு கரும்புள்ளி, கீழே ஒன்று. இதுவே குழந்தையின் கண்ணை இழுத்தது. தலைகீழாகத் திருப்பினால் அந்த ஈர்ப்பு இல்லை.

இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் பிரான்செஸ்கா சிமியோனின் குழு இதை இன்னும் எளிமையாக்கியது. புள்ளிகள் முகம் போலவே அமைய வேண்டியதில்லை, கீழ்ப்பாதியைவிட மேல்பாதியில் அதிகமாக இருந்தால் போதும் என்று காட்டினார்கள். இதை மேற்கன நாட்டம் என்று சொல்லலாம். முகத்துக்கென்று தனி வார்ப்பு எதுவும் தேவையில்லை, மேலே கனத்த உருவங்களை விரும்பும் பொது நாட்டம் ஒன்றே முகத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும் என்பது அவர்கள் வாதம்.

2005இல் தெரேசா ஃபரோனியும் ஜான்சனும் மற்றவர்களும் இதற்கு ஒரு பதில் வைத்தார்கள். அதே மூன்று புள்ளிகளை நிறம் மாற்றினார்கள்: கறுப்பு நீள்வட்டத்தில் வெள்ளைப் புள்ளிகள். மேற்கனம் அப்படியே இருந்தது. ஆனால் குழந்தைகளின் நாட்டம் மறைந்துவிட்டது. பிறகு ஒவ்வொரு வெள்ளைப் புள்ளிக்குள்ளும் ஒரு சிறு கறுப்புப் புள்ளி வைத்தார்கள். நாட்டம் திரும்பி வந்தது. வெறும் மேற்கனம் என்றால் நிறம் எப்படி இருந்தாலும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? பகல் வெளிச்சம் மேலிருந்து விழும்போது கண்குழிகள் நிழலாகின்றன. விழியின் வெண்மைக்கு நடுவே கருவிழி இருண்டு தெரிகிறது. குழந்தையின் கண் தேடுவது இந்த இருட்டுத் திட்டுகளை.

விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும் ஒன்று இருக்கிறது: குழந்தை முகத்தைப் பற்றிய விவரமான படம் எதையும் கொண்டு பிறப்பதில்லை. அது கொண்டுவருவது மிகச் சுருக்கமான ஒரு குறிப்பு.

கோபுரத்தைப் பார்த்து நட

இவ்வளவு சுருக்கமான குறிப்பால் என்ன பயன்? புது ஊரில் பேருந்தைவிட்டு இறங்கிக் கோயிலுக்கு வழி கேட்பவரிடம், “கோபுரத்தைப் பார்த்து நடங்க” என்று சொல்லி அனுப்புகிறோம். அவருக்கு அந்தக் கோயிலைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் போய்ச் சேர்ந்துவிடுவார். பிராகாரமும் சன்னதியும் அங்கே போனபின் தெரிந்துகொள்ள வேண்டியவை. மார்ட்டனும் ஜான்சனும் முன்வைத்த கருத்து ஏறக்குறைய இதுதான். குழந்தையின் மூளையில் இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன. பிறவியிலேயே உள்ள ஒன்று கண்ணை முகத்தின் பக்கம் திருப்பிவிடுகிறது. மற்றொன்று, கண் அப்படித் திரும்பத் திரும்ப முகத்தில் விழுவதால், கொஞ்சம் கொஞ்சமாகக் கற்கிறது. முதலாவதை நாட்டம் என்றும் இரண்டாவதைப் பழக்கம் என்றும் வைத்துக்கொள்வோம்.

இந்தக் கருத்தின் வேர் கோழிக்குஞ்சுகளில் இருக்கிறது. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு முதலில் பார்க்கும் அசையும் பொருளைத் தாயாக ஏற்றுப் பின்தொடரும் என்பது தெரிந்த செய்தி. கேம்பிரிட்ஜில் கேப்ரியல் ஹார்னுடன் சேர்ந்து ஜான்சன் இதை ஆராய்ந்தபோது, அதுவரை எந்தக் கோழியையும் பார்த்திராத குஞ்சுகள்கூடப் பாடம்செய்த காட்டுக்கோழியின் பக்கம் சாய்வதைக் கண்டார்கள். குஞ்சுகளை இழுத்தது தலையும் கழுத்தும். அது கோழித் தலையாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இன்னும் வியப்பானது, கற்றலுக்குத் தேவையான மூளைப் பகுதியை நீக்கிய பிறகும் இந்தச் சாய்வு குறையவில்லை. புதிதாகப் பார்த்த பொருளைத் தாயாக ஏற்கும் திறன் மட்டும் போய்விட்டது. நாட்டமும் பழக்கமும் மூளையில் வெவ்வேறு இடங்களில் இருப்பதற்கு இது அடையாளம்.

அம்மா எப்போது அம்மா ஆகிறாள்?

ஏதோ ஒரு முகம் என்று தெரிவதற்கும் இது அம்மா என்று தெரிவதற்கும் இடைவெளி எவ்வளவு? 1989இல் கிளாஸ்கோவில் இயன் புஷ்னெலும் சகாக்களும் சோதித்தார்கள். குழந்தையின் முன்னே தாயையும், நிறத்திலும் முடியிலும் அவளை ஒத்த வேறொரு பெண்ணையும் அருகருகே உட்காரவைத்தார்கள். வாசனையால் கண்டுபிடித்துவிடாதபடி அதை மறைக்க ஏற்பாடு செய்தார்கள். பிறந்து இரண்டு நாள் ஆன குழந்தைகள் தாயைத்தான் அதிக நேரம் பார்த்தன.

ஆக மூன்றாம் நாள் என்று சொன்ன தாய் மிகைப்படுத்தவில்லை. ஆனால் 1995இல் ஒலிவியே பஸ்காலியும் சகாக்களும் ஒரு சிறு மாற்றம் செய்து பார்த்தார்கள். இரண்டு பெண்களின் தலையிலும் முடியும் நெற்றிக்கோடும் மறையும்படி துணி கட்டினார்கள். தாயின் கண், மூக்கு, வாய் எல்லாம் அப்படியே தெரிந்தன. குழந்தைகளுக்கு அடையாளம் தெரியவில்லை. அவை அதுவரை கற்றிருந்தது தலைமுடியும் நெற்றியும் சேரும் அந்த அழுத்தமான வெளிக்கோட்டைத்தான். மங்கலான கண்ணுக்கு எட்டுவதும் அதுதானே! பிள்ளை பெற்றவள் காதை மறைத்துத் தலையில் துணி கட்டிக்கொள்ளும் நம் வீடுகளில், குழந்தை முதலில் பழகும் வெளிக்கோடு அந்தத் துணியினுடையதாகவும் இருக்கக்கூடும்.

இரண்டே நாளில் இவ்வளவு வேகமாகக் கற்க எது துணை செய்கிறது? குரல். கருவில் இருக்கும்போதே குழந்தைக்குத் தாயின் குரல் பழகிவிடுகிறது. 1980இல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இருவர், குழந்தையின் வாயில் ரப்பர் காம்பு ஒன்றை வைத்து, அது சப்பும் தாளத்துக்கு ஏற்பத் தாயின் குரலோ வேறு பெண்ணின் குரலோ ஒலிக்கும்படி அமைத்தார்கள். பிறந்து மூன்று நாளுக்குட்பட்ட குழந்தைகள் தாயின் குரல் வரும்படி தாளத்தை மாற்றிக்கொண்டன. இதைத் தொடர்ந்து 2005இல் வெளியான சாய் என்பவரின் ஆய்வு எளிமையானது, அழகானது. பிறந்ததிலிருந்து சோதனை வரை சில தாய்மார்கள் வழக்கம்போலப் பேசிக் கொஞ்சினார்கள். வேறு சிலர் முகத்தைக் காட்டினார்கள், ஆனால் பேசாமல் இருந்தார்கள். பேசிய தாயின் முகத்தைக் குழந்தை அடையாளம் கண்டது. பேசாத தாயின் முகத்தை அடையாளம் காணவில்லை. ஏற்கெனவே தெரிந்த குரல், தெரியாத முகத்தைக் கைகாட்டிவிடுகிறது.

இரண்டாம் மாதத் திருப்பம்

மட்டைச் சோதனையில் இன்னொரு முடிவும் இருந்தது. ஜான்சன் குழுவினர் வளர்ந்த குழந்தைகளையும் சோதித்தார்கள். நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள், நகரும் முகத்தைப் பின்தொடரும் அந்தத் தனி ஆர்வம் மறைந்துவிட்டது! பிறவியில் இருந்தது போய்விட்டதா?

அவர்கள் விளக்கம் இது: முதல் வாரங்களில் கண்ணை ஓட்டுவது மூளையின் அடியில் உள்ள பழைய பகுதிகள். இரண்டாம் மாதத்தில் மூளையின் மேலுறையான புறணி பொறுப்பை ஏற்கத் தொடங்குகிறது. நாட்டம் பின்வாங்க, பழக்கம் முன்னே வருகிறது. இந்த மாற்றம் கண் ஓடும் விதத்திலேயே தெரியும். டாஃப்னி மோரரும் பிலிப் சலபடெக்கும் 1976இல் காட்டியபடி, ஒரு மாதக் குழந்தை முகத்தின் விளிம்பையும் நெற்றிக்கோட்டையும் சுற்றியே பார்க்கிறது. இரண்டு மாதக் குழந்தை உள்ளே நுழைந்து கண்களைப் பார்க்கிறது. முகம் பார்த்துச் சிரிப்பதும் இதே பருவத்தில்தான். பாட்டியின் கணக்கு இந்தச் சிரிப்பை வைத்துப் போட்டது. தாயும் பாட்டியும் சண்டையிட்டது இரண்டு வெவ்வேறு ஏற்பாடுகளைப் பற்றி. அவரவர் பார்த்தது அவரவருக்குச் சரி.

பழக்கம் பொறுப்பேற்றதும் ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. 2002இல் பஸ்காலி, மிஷேல் டி ஹான், சார்லஸ் நெல்சன் ஆகியோர் காட்டியதைப் பாருங்கள். ஆறு மாதக் குழந்தைக்கு ஒரு குரங்கின் முகத்தையும் இன்னொரு குரங்கின் முகத்தையும் பிரித்தறிய முடிகிறது. ஒன்பது மாதக் குழந்தைக்கு முடியவில்லை, பெரியவர்களுக்கும் முடியவில்லை. தினமும் பார்க்கும் முகங்களில் நுணுக்கம் கூடக்கூட, பார்க்காத முகங்கள் எல்லாம் ஒன்றுபோலத் தெரியத் தொடங்குகின்றன.

முதல் வாரங்களைத் தவறவிட்டவர்கள்

முதல் சில மாதங்களில் முகமே தெரியாவிட்டால் என்ன ஆகும்? இப்படியொரு சோதனையை எந்தக் குழந்தையிடமும் யாரும் செய்ய மாட்டார்கள். ஆனால் இயற்கை செய்துவிடுகிறது. சில குழந்தைகள் இரு கண்ணிலும் அடர்ந்த கண்புரையோடு பிறக்கின்றன. வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாது. அறுவை செய்து, தகுந்த லென்ஸ் பொருத்திய பிறகுதான் அவை உலகைப் பார்க்கின்றன.

கனடாவில் ரிச்சர்ட் லெ கிராண்ட், மோரர் உள்ளிட்டோர் இப்படிப்பட்டவர்களைப் பல ஆண்டுகள் கழித்துச் சோதித்தார்கள். அவர்கள் பார்வை இழந்திருந்தது பிறந்ததிலிருந்து இரண்டு முதல் ஆறு மாதங்கள் மட்டுமே. அதன்பின் ஒன்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் நம்மைப் போலவே முகங்களைப் பார்த்து வளர்ந்திருந்தார்கள். ஒரே பெண்ணின் படத்தை இரண்டு வகையில் மாற்றிக் காட்டினார்கள். முதல் வகையில் கண்ணையும் வாயையும் வேறொருவருடையதாக மாற்றினார்கள். அதைச் சிரமமின்றிக் கண்டுபிடித்தார்கள். இரண்டாவது வகையில் உறுப்புகள் அதேதான், கண்களுக்கு இடையிலான தூரமும் கண்ணுக்கும் வாய்க்கும் உள்ள தூரமும் மட்டும் சற்றே கூடிக் குறைந்தன. இதில் அவர்கள் மற்றவர்களைவிடத் தெளிவாகப் பின்தங்கினார்கள். நெருங்கியவர்களின் முகங்களை நாம் பிரித்தறிய இந்த இடைவெளிகள் பெரிதும் உதவுகின்றன.

2003இல் வந்த அவர்களுடைய அடுத்த முடிவு இன்னும் குறிப்பானது. ஒரு கண்ணில் மட்டும் புரை இருந்தவர்களில், இடது கண் மறைந்திருந்தவர்களுக்கே இந்தக் குறை இருந்தது. சிசுப் பருவத்தில் ஒரு கண்ணின் செய்தி பெரும்பாலும் எதிர்ப்புற மூளைக்கே போகிறது. முகங்களை அறிவதில் முன்நிற்பது வலது மூளை. அந்தச் சில மாதங்களில் வலது மூளைக்குப் போய்ச் சேராத முகங்களுக்கு, பின்னால் பார்த்த ஆயிரக்கணக்கான முகங்கள் ஈடாகவில்லை.

பார்வை மங்கலாக இருக்கும் அந்த முதல் வாரங்களை, கண் இன்னும் வேலை தொடங்காத காலம் என்று எண்ணிவிடுகிறோம். முகத்தை அறியும் வேலையின் அடித்தளம் அப்போதுதான் போடப்படுகிறது. பிறந்த குழந்தையின் கண்ணில் மருத்துவர் ஒளி பாய்ச்சி, கண்மணிக்குள்ளிருந்து சிவந்த ஒளி திரும்புகிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான். புரை இருந்தால் அந்தச் சிவப்பு வராது. கண்மணியில் வெண்மை தெரிந்தால், “வளர்ந்தா சரியாயிடும்” என்று காத்திருக்காமல் உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும். அடர்ந்த புரைக்கு அறுவையைப் பிறந்த சில வாரங்களுக்குள் முடித்துவிட வேண்டும் என்று மருத்துவர்கள் அவசரப்படுத்துவதற்குக் காரணம், அந்த வாரங்களைப் பிறகு யாராலும் திருப்பித் தர முடியாது என்பதே.